கண்ணால் காணாத ஒருத்திக்கு

வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் எல்லாருக்கும் அவள் வாயாடிதான். கல்லூரியில் ஸ்பானிஷ் படித்தாள். மாணவர் பரிமாற்றத்தில் ஸ்பானிஷ் பேசும் நாடொன்றுக்கு ஒரு பருவம் போய்ப் படிக்கத் தேர்வானதும், லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆயுசு பூரா நான் மேலயும் கீழயும்தான் போயிருக்கேன். நீயாவது குறுக்க போயிட்டு வாம்மா!"

அங்கே அவளைத் தங்கவைத்துக்கொள்ள முன்வந்தவள் அழகு நிலையம் நடத்தும் ஒருத்தி. கணவர் லாரி ஓட்டுபவர், பிள்ளைகள் இல்லை. ஞாயிறுதோறும் அந்த அம்மாள் வீடியோவில் கூப்பிடுவாள். கையுறையில் தலைச்சாயம் ஒட்டியிருக்க, தலையணை மெத்தென்று வேண்டுமா, காலையில் காப்பியா பாலா, குளிர் தாங்குவாயா என்று துருவித் துருவிக் கேட்பாள். ஒவ்வொரு கேள்வியும் 'ஈஹா' என்றே முடியும். மகளே என்று பொருள். ஒன்றாம் வகுப்பிலேயே தாயைப் பறிகொடுத்தவளை அதன்பிறகு அப்படிக் கூப்பிட ஆளே இருந்ததில்லை. கிளம்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு நாடு பார்க்கும் ஆசைகூடப் பின்னுக்குப் போய்விட்டது. அந்த வாசலில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு அழைப்பு வரவில்லை. மறுநாள் கணவரிடமிருந்து இரண்டு வரிச் செய்தி வந்தது. கடையில் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவள், பிறகு எழவில்லையாம்.

வாயாடி வாய் மூடிப்போனாள். சோறு இறங்கவில்லை. பார்க்க வந்த அத்தைக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"முகத்தக்கூட நேர்ல பார்க்காத மனுஷிக்கா இப்படி அழற? போன்ல நாலு வார்த்த பேசினதுக்கா?"

"விடுக்கா," என்றார் அப்பா. "அவ வலி அவளுக்கு."

கல்லூரி வேறு ஊரில் வேறு குடும்பம் பார்த்துக் கொடுத்தது.

"நான் போகலப்பா."

"போகாம இருந்தா அவங்க எழுந்து வந்துடுவாங்களா?" அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்த துக்கம் விசாரிக்க நம்ம பக்கத்திலிருந்து ஆள் வேணாமா?"

போனாள். புதிய குடும்பத்தார் தங்கமானவர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது வாரமே பஸ் ஏறி அந்த அம்மாளின் ஊருக்குப் போனாள்.

கதவைத் திறந்தவர் வாட்டசாட்டமான ஆள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். இவளைப் பார்த்ததும் உள்ளே வரும்படி கையசைத்தார். அவளுக்கென்று ஒதுக்கிய அறையில் இப்போது பழைய சாமான்கள் அடைந்து கிடந்தன. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமையானா நான் லாரியில இருப்பேன்," என்றார் அவர். "நீங்க ரெண்டு பேரும் என்ன பேசுவீங்க? சொல்லும்மா."

தெரிந்த ஸ்பானிஷைத் திரட்டிச் சொன்னாள். பசிக்கிறது என்று சொல்லப்போய், ஓர் எழுத்து மாறி, எனக்கு ஒரு ஆம்பளை இருக்கான் என்று சொன்னதையும், அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து விழப் பார்த்ததையும் சொன்னாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், மேசையில் முகத்தைக் கவிழ்த்துக் குலுங்கத் தொடங்கினார்.

அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. அதற்கான பாடம் வகுப்பில் இன்னும் நடத்தவில்லை. அவர் முதுகில் கையை வைத்தபடி, அவளும் கூடச் சேர்ந்து அழுதாள்.