ஜாக்கியின் மேல் நின்ற வீடு

அன்று அங்கே இருந்தது நான், என் மனைவி, தச்சு மிஸ்திரி, லாரி ஓட்டும் என் மச்சினன், ஆக நாலு பேர். டெலானிபூர் சரிவில் நாங்கள் ஆசைப்பட்டு வாங்கிய பழைய மர வீட்டின் சமையலறைத் தூணைக் கரையான் உள்ளே தின்று தீர்த்திருந்தது. வெளியே பெயின்ட் மட்டும் பளபளவென்று இருந்தது. மச்சினனின் லாரி ஜாக்கியை உத்தரத்துக்கு அடியில் வைத்து ஏற்றிவிட்டு, மிஸ்திரி தூணை உருவி எடுத்துவிட்டார். மதியம் வரவேண்டிய புதுத் தூண் மரக்கடையிலிருந்து வரவில்லை.

சாயங்காலம் மச்சினன் கை நீட்டினான்.

"ஜாக்கியக் குடுங்க மாமா. காலைல லோடு இருக்கு."

"வீடே அது மேலதானேடா நிக்குது?"

"வழியில டயர் போச்சுன்னா லாரிக்கு உங்க வீட்டையா கொண்டுவந்து முட்டுக் குடுப்பேன்?"

மிஸ்திரி சிரித்தார். "டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க அண்ணே. காத்து மழை வராத வரைக்கும் நிக்கும்."

கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மனைவி அந்த மூலையிலிருந்த பாத்திரங்களை வெளியே எடுக்க ஆரம்பித்தாள். காலை ஆறு மணி வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டு மச்சினன் போனான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தும்மக்கூட எனக்குப் பயம்.

மரக்கடைக்குப் போன் போட்டேன். தூண் அறுத்துத் தயாராக இருக்கிறதாம், முழுப் பணமும் வந்தால்தான் வண்டியில் ஏற்றுவார்களாம். வீடு வாங்கியதில் கை காலி; எப்படியாவது தருகிறேன் என்று கெஞ்சினேன். போனை வைத்துவிட்டார்கள்.

முன்பணம் போகப் பாக்கி பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய்.