நாலாவது இடத்தில் ஜெயா

மூணு தபா

கன்னியம்மா புதுப் போனின் கண்ணாடியில் கீழ்ப்பக்கமாக மூன்று முறை அழுத்தினார். எதுவும் நகரவில்லை. நான்காவது முறை அழுத்தியபோது கேமரா திறந்து எங்கள் கடையின் மின்விசிறியைக் காட்டியது.

பலகையில் புதுப் போன் விற்கிற கடை என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் பழைய போனைக் கையிலிருந்து பிரிப்பதுதான் எங்கள் தொழில். யார் வந்தாலும் "அஞ்சே நிமிஷம், மாத்திடலாம்" என்பேன். போன் மாற்றியிருந்தால் அந்த அஞ்சு நிமிஷம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சென்னீர்குப்பத்தில் எங்கள் கடைக்கு எதிரே, சர்வீஸ் ரோட்டு ஓரம் கீரை விற்பவர் கன்னியம்மா. மகள் ஜெயாவுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, விடுதியில் தங்கியிருக்கிறாள். அவள் போனைத் தொழிற்சாலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மாலை ஆறரைக்கு அரை மணி நேர இடைவேளையில்தான் அது அவள் கைக்கு வரும். ஆறு மாதமாக அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, வீடியோவிலாவது பார்க்கணும் என்று அவள்தான் இந்தப் போனை வாங்கச் சொன்னாள்.

கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பிறகு எப்படி இவ்வளவு நாள் மகளைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பழைய பட்டன் போனை எடுத்துக் காட்டினார். கீழே நகர்த்தும் பட்டனில் மட்டும் தேய்ந்து தேய்ந்து ஒரு பள்ளம்.

"பேரு படிக்கவே வாணாம் பாப்பா. மூணு தபா கீய அமுக்குனா எம் பொண்ணு வந்துரும்."

நலம் விசாரிப்பு

பழைய போனில் இருந்தவை நாலே பெயர்கள். கீரைத் தோட்டம் வைத்திருக்கும் திருமழிசை ஏழுமலை, ஆட்டோ கோபி, தங்கை இந்திரா, நாலாவது ஜெயா. நாலையும் பத்திரமாக மாற்றினேன். கூடவே சிம்முக்குள் இருந்த மூன்று கம்பெனி சேவை எண்களும் வந்து வரிசையின் தலையில் உட்கார்ந்துகொண்டதை நான் கவனிக்கவில்லை.

அன்று மாலை கடையில் வைத்தே அழைத்துப் பார்த்தார். வரிசையை மேலிருந்து விரலால் எண்ணி, நாலாவதைத் தொட்டார். ஸ்பீக்கரை நான்தான் போட்டேன். எடுத்ததும், "சாப்ட்டியா கண்ணு? தல வலி போச்சா?" என்றார். அந்தப் பக்கமிருந்து ஏழுமலையின் குரல் மெதுவாக வந்தது.

"சாப்ட்டேன்கா. தல வலின்னு உனுக்கு யாரு சொன்னது?"

படித்தவர்

அதன்பின், புதுப் போன் கைக்குப் பழகும்வரை என்று ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். தினம் ஆறே காலுக்குக் கன்னியம்மா கடைக்கு வருவார். புதுப் போனுக்காகச் சின்னதாக வெட்டிய சிம்மை உருவி, ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்தி, பழைய போனில் போட்டுக் கொடுப்பேன். பேசி முடித்ததும் திரும்பவும் மாற்றுவேன். பழைய போன் என் மேஜை டிராயரிலேயே சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். புதுப் போன் அவர் இடுப்பில் பேசாமல் இருக்கும்.

அப்படி அவர் பேசி முடித்த ஒரு நாள், வேலப்பன்சாவடி பக்கம் ஃபிளாட்டில் இருக்கும் ஒரு மென்பொருள்காரர் இரண்டு போன்களோடு உட்கார்ந்திருந்தார். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பழையதை மனைவிக்குக் கொடுக்கலாம் என்று முதலில் அதை முழுக்க அழித்துவிட்டு, அப்புறம் புதியதைத் திறந்திருக்கிறார். ஆபீஸ் கணக்குக்குள் நுழையக் குறியீடு காட்டும் செயலி அழிந்த போனில் இருந்தது. உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண்ணோ ஆபீஸ் மெயிலுக்குள் இருந்தது.

"இன்னா நைனா, ரெண்டு போன வச்சிக்கினு இப்டி குந்திக்கினு கீற?" என்றார் கன்னியம்மா. மென்பொருள்காரர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். கன்னியம்மா கடைசிவரை கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"படிச்ச புள்ளைக்கே இப்டின்னா, எனுக்கு இன்னும் நாலு நாளு குடுக்கலாம் பாப்பா."

அவள் இடம்

முகப்பில் வேறு எதுவும் இல்லாமல் நாலு படங்களை மட்டும் பெரிதாக, ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தேன். தொட்டாலே அழைப்பு போகும். தோட்டத்துக்கு ஒரு கீரைக்கட்டு, கோபிக்கு ஆட்டோ, இந்திராவுக்கு அவர் கட்டிய பச்சைப் புடவை. ஜெயாவின் படத்தை அவளே அனுப்பினாள். அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, பெருமையோடு நீட்டினேன். கன்னியம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா கீறா. ஆனா அவ எடம் அது இல்ல, நாலாவதுல வையி."

ஈரம்

மறுநாள் சிம்மை மாற்றவில்லை, ஆறரைக்கு ஜெயாவே வீடியோவில் கூப்பிட்டாள். கன்னியம்மா கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஈர விரலால் இழுத்தார், போன் அசையவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டு இழுத்தார், புடவையும் ஈரம். மணி அடித்து அடித்து நின்றது, மறுபடி அடித்தது. இடைவேளை முடிந்துவிட்டது. ஏழு மணிக்கு வந்து போனை என் மேஜைமேல் வைத்தார். கையைத் துடைக்க உலர்ந்த துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எங்கள் கடையில் போன் உறை விற்கும் பாஸ்கர், திரையில் பாதுகாப்புக்கு ஒட்டியிருந்த கண்ணாடியை மாற்றிப் பார்க்கலாமா என்றான்.

"அவ மூஞ்சி உள்ள வந்து நின்னுக்கினு கீது, எனுக்குக் கதவத் தொறக்கத் தெர்ல."

ஆறே கால்

அடுத்த நாள், இனி பழைய போன்தான் என்று டிராயரைத் திறந்து, பழைய போனையும் பிளாஸ்டிக் சட்டத்தையும் மேஜைமேல் எடுத்து வைத்திருந்தேன். ஆறே கால் ஆயிற்று. ஆறு இருபது. கன்னியம்மா வரவில்லை. பாஸ்கர் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் வாசலுக்கு வந்தேன்.

எதிரே அவர் தண்ணீர் தெளித்துக்கொண்டுதான் இருந்தார். தராசின் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார். சரியாக ஆறரைக்கு மணி அடித்தது. செம்பைக் கீழே வைத்தார். விரலை மடக்கி, ஈரம் படாத விரல் முட்டியால் திரையை மேலே தள்ளினார். ஒருமுறைதான். நான் நின்ற இடத்திலிருந்து திரையில் ஜெயாவின் முகம் தெரியவில்லை. மஞ்சள் துப்பட்டா ஒன்று அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு போனைத் தூக்கி, கீரைக்கட்டுகளை வரிசையாகக் காட்டினார், பஸ் நிறுத்தத்தைக் காட்டினார், எங்கள் கடையைக் காட்டினார். அந்தப் பக்கமிருந்து என்ன கேட்டாளோ, சத்தமாகச் சிரித்தார். வண்டியை நிறுத்திவிட்டு வந்த ஒருவர் முளைக்கீரை ரெண்டு கட்டு கேட்டார். கன்னியம்மா திரும்பவேயில்லை.

"இருப்பா, எம் பொண்ணு வந்துக்கீது."

போன் மாற்ற அஞ்சே நிமிஷம் என்று நாளைக்கும் எல்லோரிடமும் சொல்வேன், அதில் கன்னியம்மாவின் பதினொரு நாள் எப்படி அடங்கியது என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

உள்ளே போய், பழைய பட்டன் போனை டிராயரில் வைத்து, சார்ஜர் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டேன்.