அப்பா துண்டை இறக்கினால்

அப்பாவுக்கு நீட்டி முழக்கினால் பிடிக்காது. அதனால் அவருடைய முதலாண்டு நினைவில் மூத்த மகளான நான் சுருக்கமாகவே எழுதுகிறேன்.

ஏற்காட்டில் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மகனாகப் பிறந்த அப்பா, சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டுப் பழகி, பிறகு சொந்தமாக நாடகக் கம்பெனி தொடங்கினார். முதல் நாடகத்திலேயே பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. அன்றிலிருந்து அவர் மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஓரமாக நின்று சனத்தின் முகத்தையே பார்க்கத் தொடங்கினார். நான்கு பேர் நெளிந்தால் போதும், தோளில் கிடக்கும் துண்டு கைக்கு இறங்கிவிடும். காட்சியை முடி என்று அர்த்தம். மலைமேல் செம்மநத்தத்திலிருந்து கீழே சேலம் வரை திருவிழா என்றால் அப்பாவின் நாடகம்தான் என்று ஆனது அப்படித்தான்.

ஒருமுறை கதாநாயகர் கோபித்துக்கொண்டார்.

"ஏனுங்க, நான் உசுரக் குடுத்து அழுதுக்கிட்டிருக்கறேன், துண்ட எறக்கிட்டீங்களே?"

"நீங்க நல்லாத்தானுங்க அழுவறீங்க. சனம் கடைசி பஸ்ஸுக்கு எந்திரிக்குதுங்களே!"

அப்பா கோபக்காரர்தான். ஆனால் திட்டு வாங்கிய நடிகரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்.

போன ஆண்டு நுரையீரல் கெட்டு, சேலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தார். மூச்சு வாங்கியதில் பேச்சே இல்லை. குணமாகாது, ஆனாலும் இன்னொரு சிகிச்சை செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். தம்பி சரி என்றான். அப்பா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். குளிரப் போகிறது என்று நர்ஸம்மா மறுபடி போர்த்திவிட்டார். அப்பா மறுபடியும் இழுத்தார். நான் டாக்டர் பக்கம் திரும்பினேன்.

"அப்பா ஊட்டுக்குப் போலாங்கறாரு" என்றேன்.

அடிவாரம் தாண்டி மலையேறும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். மலைமேல் ஏற்காடு ஒண்டிக்கடை வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வீட்டில் மூச்சு கொஞ்சம் அடங்கி அப்பா கஞ்சி குடித்தார். தம்பியைக் கிண்டல்கூடச் செய்தார்.

அவசரப்பட்டுவிட்டாயா என்று உறவினர் சிலர் கேட்டீர்கள். நானும் அதைத்தான் அப்பாவிடம் கேட்டேன்.

"நல்லவேளை கண்ணு, உனக்காச்சும் தெரிஞ்சுது. நொம்ப நீட்டிட்டாங்க."

சில நாளில், நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போதே, சிரமமில்லாமல் கண்ணை மூடினார். அழுதேன். ஆனால் மனசு லேசாக இருந்தது, இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

வண்டியை அலுங்காமல் மலையேற்றிய டிரைவர் தம்பிக்கும், ஜெபித்த சபையாருக்கும், ஓடோடி வந்த நடிகர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

அடக்கத்தன்று ஜெபம் கொஞ்சம் நீண்டுவிட்டது, அப்பா. நான் ஓரமாக நின்று சனத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செம்மநத்தம் போகும் கடைசி பஸ் ஹாரன் அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.