உப்பு ஈரமாகாத அறை

1. திரும்பி வந்த டப்பா

பிஸ்கட் டப்பாவைக் கண்டக்டர் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்.

"டாக்டரம்மா, உங்க பிஸ்கட்ட வேலூர்ல யாரும் துன்னல போல. அப்டியே திருப்பி அனுப்சிட்டாங்க."

டப்பாவில் இருந்தது பிஸ்கட் அல்ல, பஞ்ச் கார்டுகள். இன்று நம் கம்ப்யூட்டர் சென்டரில் சேருகிற நீங்கள் ஃப்ளாப்பியில் வேலை செய்கிறீர்கள். அதனால் ஒரு விளக்கம். எண்பதுகளின் ஆரம்பத்தில் புரோகிராமின் ஒவ்வொரு வரியும் ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை போட்டு, கட்டாக அடுக்கி, கார்டு ரீடரில் வைத்தால் அது ஒவ்வொன்றாக இழுத்துப் படிக்கும். என் கணவர் கால்நடை மருத்துவர். அவருக்கு மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு மாற்றல் வந்தபோது, நான் வேலூர் வேலையை விடாமல் வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதி, கைப் பஞ்ச் மெஷினில் கார்டு போட்டு, பஸ்ஸில் அனுப்புவதாக ஏற்பாடு. மெஷினுக்குக் கரண்ட் வேண்டாம் என்பதால் துணிந்தேன்.

அன்று மத்தியானமே போஸ்ட் ஆபீஸிலிருந்து டிரங்க் கால் போட்டேன். மேனேஜர் கோபாலன் எடுத்தார்.

"மாலதி, உன் கார்டெல்லாம் ஊறிப்போய்க் கீது. ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு ரீடர்ல போய் மாட்டிக்கிச்சு. தோல் கம்பெனி சம்பள வேலை நின்னுபோச்சு. ஆபரேட்டர் சிம்டா இடுக்கிய வெச்சி எடுத்துக்கினு இருக்கான்."

"மழைக்காலம் சார். சரி பண்ணிடறேன்."

"இன்னொருவாட்டி இப்டி ஆச்சுன்னா ஒண்ணு கீழ வந்து ஹாஸ்டல்ல தங்கு, இல்ல வேலைய விட்டுடு. மேலயும் கீழயுமா நமக்குச் சரிப்படாது."

கல்யாணமாகி ஒரு வருடம் கூட ஆகவில்லை. ஹாஸ்டலும் வேண்டாம், வேலையை விடவும் வேண்டாம். போனை வைத்தேன். கோபாலன் சார் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டிருக்கிறது. போஸ்ட் மாஸ்டர், "இன்னாங்க ஊறிப்போச்சு, புளியா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

2. அழகான ஆபீஸ்

நடந்ததற்குக் காரணம் என் ஆபீஸ். அதை நான் பட்டியல் போட்டுத்தான் அமைத்திருந்தேன்: கிழக்கு ஜன்னல், இடப்பக்கம் வெளிச்சம், முழங்கை மடங்கும் உயரத்தில் மேசை, முதுகு சாயும் நாற்காலி, புரோகிராம் எழுதும் கோடிங் ஷீட்டுக்கு ஒரு தட்டு, கார்டுக்கு ஒரு தட்டு. ஜன்னலுக்கு வெளியே பலாமரம், அதற்குப் பின்னால் மலை. கணவர் பார்த்துவிட்டு, "கலெக்டர் ஆபீஸ் தோத்துது போ" என்றார்.

காலையில் அந்த ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து மேசைமேல் உட்காரும். எனக்கு அது பிடித்திருந்தது. பட்டியலில் எனக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. கார்டுக்கு வேண்டியது ஒன்றுகூட இல்லை.

3. அப்பளம்

முதலில் செய்தது தவறான வேலை. வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில் முற்றத்தில் வேட்டியை விரித்துக் கார்டுகளைப் பரப்பினேன். வீட்டின் மறுபாதியில் இருந்த வீட்டுக்காரம்மா பச்சையம்மாள் கொல்லைக்குப் போகிற வழியில் நின்றார்.

"இன்னாம்மா இது, அப்பளமா? இவ்ளோ போட்டுக்கீறே, விருந்தா?"

"கணக்குப் போடற அட்டைங்க. காயணும்."

"காஞ்சா இன்னா ஆவும்?"

"தட்டையா ஆவும்."

சாயங்காலம் பார்த்தபோது ஒவ்வொரு கார்டும் பொரித்த அப்பளம்போல வளைந்திருந்தது. ஈரமான கார்டையாவது ரீடர் இழுத்துப் பார்க்கும். வளைந்ததைத் தொடவே தொடாது. பச்சையம்மாள் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "எல்லாம் ஓட்டையா கீதே. பூச்சி அரிச்சிட்டுதுமா" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கட்டு முழுவதையும் மறுபடி பஞ்ச் செய்ய வேண்டியிருந்தது.

4. கிண்ணங்களில் உப்பு

காய வைப்பதைவிட ஈரமாகாமல் வைப்பதுதான் வழி என்று புரிந்தது. வீட்டில் எந்த இடம் உலர்ந்தது? அளக்கக் கருவி இல்லை. ஆனால் என் சமையலறை உப்பு தினமும் நீர்விட்டுக்கொண்டிருந்தது. அதையே கருவியாக வைத்துக்கொண்டேன். வீட்டில் இருந்த கிண்ணங்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை உப்பு போட்டு, ஜன்னலோரம், அலமாரி, பரண், கட்டிலடி என்று வைத்தேன். பச்சையம்மாளிடம் கேட்டு அவர்கள் பக்கத்திலும் வைத்தேன்.

"மந்திரமா?" என்றார் அவர்.

"பரிச்சைங்க. எந்த ரூம் பாஸ் ஆவுதுன்னு."

மறுநாள் எல்லாக் கிண்ணத்திலும் உப்பு கசிந்திருந்தது, ஒன்றைத் தவிர. பச்சையம்மாளின் சாமை மூட்டை வைக்கும் அறை. தரை பலகைத் தரை. ஒரு பக்கச் சுவருக்கு மறுபுறம் அவர்கள் அடுப்பு. சுவரைத் தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது. ஜன்னல் மட்டும் கிடையாது.

அந்த அறையைக் கேட்டபோது அவர் முகம் மாறியது.

"அடுத்த வருசத்து வெதை அங்கதாம்மா கீது. உன் அட்டைக்கு எலி வந்தா என் வெதையும் பூடும். நான் இன்னாத்த வெதைக்கிறது?"

அது நியாயமான பயம். நான் வற்புறுத்தவில்லை. என்னென்ன செய்யக்கூடாது என்று அவரையே சொல்லச் சொன்னேன். விதை இருக்கிற அறையில் அவர்கள் யாரும் செருப்பு போடுவதில்லை, நானும் போடக்கூடாது. தின்பண்டம் கூடாது.

"டீ?" என்றேன்.

"அதுவுந்தான்."

அதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

5. இரண்டாவது ஆபீஸ்

கணவர் என் மேசையை அந்த அறையில் போட்டு, கூரை ஓடு ஒன்றை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பொருத்தினார். வெளிச்சம் காலையில் சாமை மூட்டைகள்மேல் விழும். மெல்ல நகர்ந்து மேசைக்கு வரும். பிறகு சுவருக்குப் போகும். அது மேசைமேல் இருக்கும்வரை கோடிங். சுவருக்குப் போனதும் பஞ்சிங். அதற்குக் கண்ணைவிட விரல்தான் வேண்டும். அதுவரை நான் இரண்டையும் கலந்து செய்து பிழை விட்டுக்கொண்டிருந்தேன். அந்த வெளிச்சம் என் வேலையை ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தது.

டீ குடிக்க மட்டும் பழைய ஜன்னலுக்குப் போனேன். கணவர் சொன்னார், "கலெக்டர் ஆபீஸ் இப்போ டீக்கடை ஆயிடுச்சு."

பஞ்ச் மெஷினின் டக் டக் சத்தம் அடுப்புப் பக்கம் கேட்கும். நின்றால் பச்சையம்மாள் சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுப்பார்: "இன்னா, தூங்கிட்டியா?" எந்த மேனேஜரும் என்னை அப்படிக் கண்காணித்ததில்லை.

6. ரீடரின் முன்னால்

அடுத்த மாதச் சம்பள வேலைக்கு டப்பாவை நானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பனி. அதற்காக டப்பாவுக்குள் வறுத்த சாமையைத் துணியில் முடிந்து வைத்து, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றியிருந்தேன்.

வேலூரில் கோபாலன் சார் மூடியை நெம்பித் திறந்தார். "இன்னாது இது, சோறு கட்டிக்கினு வந்துக்கீறியா?"

"ஈரத்தை இழுத்துக்கும் சார்."

ஆபரேட்டர் கார்டுகளை விசிறிபோல விரித்துப் பார்த்தான். ஒன்றோடொன்று ஒட்டவில்லை. என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ரீடரில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். சரசரவென்று ஒரே சத்தம், நடுவில் எங்கும் திக்காமல். கடைசிக் கார்டு விழுந்ததும் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது.

சாமை அறையைப் பற்றி நான் சொன்னதும் கோபாலன் சார் சாமை முடிப்பை முகர்ந்து பார்த்தார். "நம்ம ஏசி ரிப்பேராகி இங்க கார்டெல்லாம் ஊறுது. அந்த ரூமையே கழட்டிக் கீழ அனுப்பிடேன்."

"வீட்டுக்காரம்மா விட மாட்டாங்க சார்."

"அப்ப நீ மேலயே இரு. மாசாமாசம் இந்த டப்பா வந்தா போதும்."

7. ஒரே தட்டு

ஊர் திரும்பி, செருப்பை வெளியே விட்டுவிட்டு ஆபீஸுக்குள் போனேன். கார்டுத் தட்டில் பாதி இடத்தில் புதிதாக ஒரு துணி மூட்டை இருந்தது. பச்சையம்மாளைக் கூப்பிட்டேன்.

"மூட்டைங்களுக்கு நடுவுல இருந்த வெதைதாம்மா. உன் அட்டை பக்கத்துலயே இருக்கட்டும். நீதான் தெனம் எலி வருதா, ஈரம் வருதான்னு பாத்துக்கினே கீறியே."

மாற்றல் வரும்வரை கார்டும் விதையும் ஒரே தட்டில் இருந்தன. வீட்டில் ஆபீஸ் அமைக்க விரும்புகிறவர்களுக்கு என்னிடம் இப்போதும் ஒரு பட்டியல் உண்டு. நாற்காலி, வெளிச்சம், ஜன்னல் எல்லாம் அதில் இருக்கின்றன, ஆனால் இரண்டாவதிலிருந்துதான். முதல் இடம் உப்புக்கு. புது வீட்டில் சாமான் இறக்குவதற்கு முன்னால், அறைக்கு ஒரு கிண்ணம் உப்பு வைத்துவிடுவேன். நமக்குச் சௌகரியமான இடத்தைக் கண்ணே காட்டிவிடும். வேலைக்குச் சௌகரியமான இடத்துக்கு ஒரு ராத்திரி பொறுத்திருக்க வேண்டும்.