எதிராளியைக் கேட்காமல் போட்ட பதினோரு பேர் பட்டியல்

1972-இல் ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை. மயிலாப்பூரில் பஸ் ஏறி தி. நகர், அங்கிருந்து அடையாறு, மறுபடி தி. நகர் என்று ஒரே மத்தியானத்தில் அலைந்தேன். கோயில் பார்க்கவோ கடைவீதி சுற்றவோ இல்லை. ஒரு ஃபுட்பால் ஆட்டக்காரரின் பெயரை அச்சில் ஏற்றுவதற்காக. இன்றைக்கு டிவியில் நாலு பேர் உட்கார்ந்து, இவனுக்கு இத்தனை கோல், அவனுக்கு இத்தனை கப், ஆகவே இவன்தான் பெரியவன் என்று தீர்ப்புச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் வருஷா வருஷம் நடக்கும் எங்கள் வட்டாரப் போட்டிக்கு அது வெள்ளிவிழா. மலர் போட்டார்கள். நடுப்பக்கத்தில் 'எக்காலத்துக்கும் சிறந்த பதினோரு பேர்' என்று ஒரு பட்டியல். அச்சுக்குப் போகும் முன் அதன் நகல் என் கைக்கு வந்தது. படித்தேன். ஏகாம்பரம் இல்லை. மறுபடி படித்தேன். அட அநியாயமே, இல்லவே இல்லை!

ஏகாம்பரம் பட்டினப்பாக்கத்து மீனவர். ஹாஃப் பேக்காக ஆடினார், அதாவது எதிராளியை நடுவிலேயே தடுத்துப் பந்தைப் பிடுங்குகிற இடம். வெறுங்கால், கணுக்காலில் ஒரு துணிக்கட்டு, அவ்வளவுதான். மழையில் ஊறிய தோல் பந்து கருங்கல் மாதிரி கனக்கும். அதை வெறுங்காலில் வாங்கி, தன் ஆள் காலடியில் கொண்டுபோய் வைத்தது மாதிரி அனுப்புவார். எதிராளி மேல் ஒரு இடி இடித்து நான் பார்த்ததில்லை. பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் டீம் ஒரு கப் கூட வாங்கவில்லை என்றால், மற்றப் பத்துப் பேரின் லட்சணம் அப்படி. அதற்கு அவர் என்ன செய்வார்?

மதியம் 1.20-க்கு மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் பஸ் ஏறினேன். பதினைந்து காசு, நாலரை கிலோமீட்டர். பனகல் பார்க்கில் இறங்கும்போது மணி 1.50. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் நீந்தித்தான் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்குள் போக முடிந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், விழாக் கமிட்டித் தலைவர், பட்டியல் போட்ட புண்ணியவானும் அவரே.

"ஏகாம்பரம் எங்கே, அண்ணாச்சி?" என்றேன். உட்காரக்கூட இல்லை.

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துப் போட்டார். "இது யாரு எழுதினதுவே? நீரு எழுதினதுதான. இதுல அவரு பேரு எங்கயாது இருக்கா?"

பத்து வருஷம் அந்தப் போட்டிக்கு ஸ்கோர் எழுதியவன் நான்தான். கோல் போட்டவன் பெயர், ஜெயித்த டீம் பெயர். தடுத்தவனுக்கு நான் கட்டமே போடவில்லை. என் கையெழுத்தே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது!

"அதும்போக, பூட்ஸ் போட்டு ஆடுத இந்தக் காலத்துப் பயலுவ முன்னால உம்ம ஆளு நிப்பாராவே?"

"அந்தப் பயல்களை பூட்ஸைக் கழற்றிவிட்டு மார்கழிச் சேற்றில் அவர் எதிரில் நிற்கச் சொல்லுங்கள், பார்க்கலாம்" என்று கத்தினேன். சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி சிரித்தார். "சரி, கோவப்படாதேயும். அவர எதுத்து ஆடின ஆளு எவனாது எழுதித் தரட்டும், போடுதேன். அஞ்சு மணிக்கு அச்சாபீஸ் ஆளு வந்துருவான்."

2.25-க்கு அடையாறு பஸ். இருபத்தைந்து காசு. கால் மணி நேரம் சைதாப்பேட்டையிலேயே நின்று என் உயிரை வாங்கியது. காந்தி நகரில் ராகவன் வீட்டு வாசலில் நின்றபோது மணி 3.20. ராகவன் எதிர் டீமின் ஸென்டர் ஃபார்வர்ட், அப்போது பேங்க் ஆபீஸர். பட்டியலில் முதல் பெயர் அவருடையது: நாற்பத்தொரு கோல், மூன்று கப்.

விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு என்னைவிடக் கோபம் வந்தது. "ஏகாம்பரம் இல்லாம ஒரு லிஸ்ட்டா? யாருக்குடா புத்தி இப்படிப் போச்சு? அவன் எதிர்ல வந்துண்டிருந்தான்னா எனக்குக் கால் வலி வந்துடும், தெரியுமோ? கேப்டன்கிட்டப் பொய் சொல்லி ஓரத்துக்குப் போயிடுவேன். ஆத்துல கூட இதச் சொன்னதில்லை." மனைவி காபியோடு உள்ளேயிருந்து வந்து, "நன்னா சொன்னேள் போங்கோ" என்று சிரித்தார்.

அவர் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி. ஏகாம்பரம் தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரர். அவர் பெயர் இல்லாத பட்டியலில் தன் பெயரும் வேண்டாம்.

4.50-க்குக் கடிதம் அண்ணாச்சி கையில். முதல் பெயரை எடுத்தால் மலரை எவன் வாங்குவான்? முனகினார், தலையைச் சொறிந்தார், கடைசியில் பதினோராவதாக இருந்த தன் மச்சானை அடித்துவிட்டு ஏகாம்பரத்தை எழுதினார். சொன்ன சொல் தவறவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதுபோன்ற காரியமாகக் கிளம்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: ஆடிச் சனிக்கிழமை பனகல் பார்க் பக்கம் தலை வைக்காதீர்கள். எனக்கு வீடு திரும்பும் வரை பஸ்ஸுக்கு எண்பது காசு ஆயிற்று. யார் பெரிய ஆட்டக்காரன் என்று தெரிய வேண்டுமானால் முதலில் எதிராளி வீட்டுக்குப் போங்கள். நோட்டு வைத்திருப்பவனிடம் கடைசியாகப் போனால் போதும்.

மலர் பத்து நாளில் வந்தது. பிரித்துப் பார்த்து ஆடிப் போனேன். பெயர், கோல், கப் என்று மூன்று பத்தி. ஏகாம்பரத்துக்கு நேரே சைபர், சைபர். இதற்கா இந்த அலைச்சல்! பெயரை விட்டிருந்தாலே மரியாதையாக இருந்திருக்குமே! ஆனாலும் கொண்டுபோய்க் கொடுக்காமல் இருக்க முடியுமா? குளத்தங்கரையிலிருந்து பட்டினப்பாக்கத்துக்கு நடந்தே போனேன், இருபத்தைந்து நிமிஷம்.

மனைவியின் மீன்கடையில் கூடை இறக்கிக்கொண்டிருந்தார். கையை லுங்கியில் துடைத்துவிட்டு மலரை வாங்கினார். எழுத்து தெரியாது, எண் தெரியும். அவர் பெயரைக் காட்டினேன். விரல் நகர்ந்து பக்கத்துக் கட்டத்தில் நின்றது.

"இன்னா நைனா, சைபரு போட்டுகீது? எதிர்ல ஆடுனவன் என்னத் தாண்டிப் போட்ட கோலா?"

நானும் அந்தச் சைபர் மேல் விரல் வைத்தேன்.

"ஆமாண்ணே. அதேதான்."

"பாத்தியாமே, ஒண்ணு கூட இல்லியாம்!" என்று மலரைத் தூக்கி மனைவியிடம் காட்டினார்.