மூன்றாவது அடியில் அக்கா

லாண்டரியில் இஸ்திரி போடும் அவளுக்கு வீட்டில் பட்டப்பெயர் புலம்பி. வைத்தவள் அக்கா. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடி வருகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? ஆனால் அந்தப் புலம்பல்தான் பியானோ முன்னால் உட்கார்ந்தால் பாட்டாகிவிடும். தெருவில் பார்த்தது, கடையில் கேட்டது எல்லாவற்றுக்கும் நாட்டுப்பாட்டு போல எளிய மெட்டு கட்டிவிடுவாள்.

பியானோ நிற்பது கட்டிலுக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவில். கதவு பாதிதான் திறக்கும். அவள் கணவன் கல்யாணமான நாளிலிருந்து ஒருக்களித்தே நடந்து பழகிவிட்டான், பாவம்.

இன்று சாயங்காலம் நூலக அரங்கில் பாட்டுக் கச்சேரி. அவளுடைய பயம் மேடையை நினைத்து அல்ல. புருஷன் வீட்டை விட்டு ஒரே ஒரு பையோடு கிளம்பிய அக்கா, இவள் வாசலில் வந்து நின்றதை இவளே பாட்டாக்கியிருந்தாள். "இது உன்னோடயே இருக்கட்டும், யார்கிட்டயும் வாயத் திறக்காத" என்று அக்கா அன்றைக்கே சொல்லியிருந்தாள். இவளும் மாடு மாதிரித் தலையாட்டினாள். கை சும்மா இருந்தால்தானே! லாண்டரிக்குச் சட்டை வாங்க வந்த அரங்க நிர்வாகி, இவள் முணுமுணுத்ததைக் கேட்டு அதையே பாடச் சொல்லிவிட்டார். அக்காவோ முன்வரிசையில் இடம் சொல்லி வைத்தாயிற்று.

"அக்கான்னு வர்ற எடத்துல தோழின்னு போட்டுடேன்" என்றான் கணவன்.

"காலையிலேர்ந்து அதத்தான் பழகுறேன். கை கேக்க மாட்டேங்குது."

உண்மைதான். மூன்றாவது அடியில் இடது கை தானாக நின்றுவிடும். 'அக்கா' என்ற சொல் மட்டும் துணையில்லாமல் தனியாகக் கேட்கும். அப்படிக் கட்டியவளும் இவள்தான், யாரை நொந்துகொள்வது? அக்கா பேச்சை நிறுத்திவிட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபடி திரும்பவும் முதல் அடியிலிருந்து பழகினாள்.

மேடையில் முதல் அடிக்குத் தோழி வந்தாள். இரண்டாவதற்கும் தோழிதான். மூன்றாவதில் இடது கை நின்றது. 'அக்கா அழுதாள் கதவோரம்' என்று வாய் பாடிவிட்டது. அவ்வளவுதான், குடி முழுகிப்போயிற்று. மீதியை எப்படிப் பாடினாள் என்று அவளுக்கே தெரியாது. கைதட்டலில் நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் நாற்காலி காலி.

எல்லோரும் போன பிறகும் பியானோ முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். மேடையின் பக்கவாட்டுக் கதவு வழியாக அக்கா வந்தாள்.

"தள்ளி உக்காரு."

"அக்கா, நான் வேணும்னு..."

"வாய மூடு. நான் எங்கடி அழுதேன்?"

புலம்பி தள்ளி உட்கார்ந்தாள்.

"கதவுகிட்ட நின்னு அழுதேனாம்! சாப்பிட ஏதாவது இருக்கா, பசிக்குதுன்னுதான் கேட்டேன். என்னப் பாத்ததும் ஓன்னு அழுதது நீ. நாந்தான் உன்னத் தேத்தினேன். ஊரக் கூட்டிச் சொல்றதுன்னு ஆயிடுச்சு, உள்ளத உள்ளபடி சொல்ல வேண்டாமா?"

"கோவம் இல்லியா?"

"இருக்கு. அத வீட்ல போய் வச்சுக்கறேன். இப்ப பாட்ட மாத்து."

புலம்பி மறுபடி வாசித்தாள். மூன்றாவது அடியில் இடது கை நின்றது. அந்த இடைவெளியில், "பசிக்குதுன்னு கேட்டாள்" என்று அக்காவே சுருதி சேராமல் பாடினாள். அதற்குமேல் புலம்பியால் வாசிக்க முடியவில்லை.

"பாத்தியா" என்றாள் அக்கா, தன் புடவைத் தலைப்பை நீட்டியபடி. "இப்பவும் நீதான் அழறே."