இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி

என் சாவிக்கொத்தில் ஏழு சாவிகள் இருக்கின்றன. வாசல் கதவு, பீரோ, மாடிக் கதவு, மோட்டார் அறை, சைக்கிள் என்று ஐந்துக்குக் கணக்குச் சொல்லலாம். மற்ற இரண்டும் குட்டையான பித்தளைச் சாவிகள், ஒரே பெட்டியின் இரண்டு பூட்டுகளுக்கானவை. ஒன்றின் தலையில் ஆணியால் கீறிய கோடு இருக்கும், அது என்னுடையது. கோடு இல்லாதது என் சம்பந்தியுடையது. இவை இரண்டும் ஒருவன் கையில் சேரக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டோம்.

சம்பந்தி என்றால் என் மகளின் மாமனார். வாலாஜாபாத்தில் அரிசி ஆலை வைத்திருந்தவர். நான் காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். கல்யாணமான மறு வருஷம் அவர் ஒரு யோசனையோடு வந்தார். வாலாஜாபாத் சாலையில், ஊர் முடிகிற இடத்தில், ஆள் வைக்காத ஒரு கார் வாஷ். வண்டிக்காரரே பத்து ரூபாய்க் காசுகளைப் பெட்டியில் போட்டுவிட்டு, துப்பாக்கி போன்ற குழாயைக் கையில் எடுத்து, நுரையும் தண்ணீரும் அடித்துக் கழுவிக்கொண்டு போகலாம். பட்டுப் புடவை எடுக்க வருகிறவர்கள் கடைக்குள் நுழைந்தால் லேசில் வெளியே வரமாட்டார்கள், அந்த நேரத்தில் டிரைவர்கள் சும்மாதானே நிற்கிறார்கள் என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. புது வண்டிக்குக் கோயில் வாசலில் பூஜை போட வருகிறவர்களும் முதலில் எங்களிடம் வந்து கழுவிக்கொண்டு போனார்கள். பணம் பாதிப் பாதி. யோசனை முழுக்க அவருடையது. பெட்டிக்கு இரண்டு பூட்டு என்பது மட்டும் நான் சொன்னது.

கோயில் உண்டியலுக்கு அப்படித்தான். ஒருவர் சாவியால் மட்டும் திறக்காது. திறந்த பிறகும் ஒருவர் எண்ணியதை இன்னொருவர் எண்ணுவார். நான் எண்ணிய குவியலை எத்தனையோ பேர் என் கண்ணெதிரே கலைத்து எண்ணியிருக்கிறார்கள். எனக்கு ஒரு நாளும் முகம் சுருங்கியதில்லை. அது வேலையின் ஒரு பகுதி, தறியில் நெய்த புடவையைக் கடைக்காரர் விரித்துப் பார்ப்பது போல.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் பைக்கில் வருவார், நான் சைக்கிளில் போவேன். அவர் பூட்டை அவர் திறப்பார், என் பூட்டை நான் திறப்பேன். சோப்புத் தண்ணீர் ஒட்டிய காசுகளைத் துண்டில் கொட்டி முதலில் அவர் எண்ணுவார், பிறகு நான் எண்ணுவேன். பாதியாகப் பிரித்ததில் ஒன்று மிஞ்சினால் அது காபிக் கணக்கில் சேரும். எதிர்ச்சாரிக் கடையில் காபி வாங்கிக்கொண்டு வந்து கார் வாஷின் சிமெண்டு மேடையில் உட்காருவோம். அந்தக் காபிக்காகத்தான் நான் போனேன் என்று சொன்னால் தவறில்லை.

பெண் கொடுத்த வீட்டுக்குக் காரணமில்லாமல் அடிக்கடி போக முடியாது. என் மனைவி இருந்திருந்தால் பெண்ணைப் பார்க்கிறேன் என்று போயிருப்பாள், அவளும் இல்லை. போனில் கேட்டால் மகள், "நல்லா இருக்கேன்பா, சாப்பிட்டீங்களா?" என்பதோடு வைத்துவிடுவாள். மிச்சமெல்லாம் சம்பந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "உங்க பொண்ணு ஸ்கூட்டர் கத்துக்கினு இருக்குது சம்பந்தி. நேத்து ஆலைச் சுவத்துல கொண்டுபோயி வச்சிடுச்சி. சுவத்துக்குத்தான் அடி, பொண்ணு நல்லாத்தான் இருக்குது" என்பார். அவள் மாமியாரோடு குழம்பில் புளி அதிகமானதற்குச் சண்டை போட்டதையும், பிறகு இருவரும் சேர்ந்து தன்னைத் திட்டியதையும் சிரிக்காமல் சொல்வார். நல்ல பேச்சுக்காரர்.

பிறகு பத்து ரூபாய்க் காசுக்குக் கேடு வந்தது. செல்லாது என்று எவனோ கிளப்பிவிட்டதை ஊரே நம்பியது. எங்களிடம் மூட்டையாகக் காசு சேர்ந்துவிட்டது.

"எங்க கொண்டுபோனாலும் மூஞ்சிய திருப்பிக்கிறான் சம்பந்தி. கண்டக்டர் வேணான்றான். பேங்குல எண்றதுக்கு ஆள் இல்லன்றான். கார்டு மிஷின் வச்சிரலாம். வர்றவன் தேச்சிட்டுப் போவட்டும்" என்றார் ஒரு நாள்.

"எண்ணிக் குடுத்தா பேங்குல வாங்கித்தான் ஆகணும்" என்றேன்.

"எண்ணித்தானே வச்சிருக்கோம். ரெண்டு ரெண்டு தபா" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சென்னையிலிருந்து ஒருவர் வந்து மிஷினைப் பொருத்தினார். அட்டையைத் தேய்க்கலாம், செருகலாம், முகப்பில் தொட்டாலும் போதும். திரையில் வரும் க்யூஆர் கட்டத்துக்குப் போனைக் காட்டியும் கட்டலாம். காசுத் துளையை அடைக்க வேண்டாம், கிராமத்து வண்டிகளுக்கு இருக்கட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். அவர் போனதும் சம்பந்தி தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். மிஷினின் முகப்பில் நெற்றி போலக் கறுப்பாக, வழுவழுப்பாக ஓர் இடம் இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அங்கே தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். மிஷின் அட்டையைப் படிக்கிற இடமே அதுதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

முதல் வண்டியாக ஒரு சென்னை டிரைவர் வந்தார். முதலாளி கொடுத்த அட்டையைப் பொட்டின் மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. அட்டையில்தான் சந்தனம் ஒட்டியது.

"இன்னா சார், மிஷின் தியானத்துல இருக்குதா?" என்றார்.

"காசு இருந்தா போடுங்க. அந்தப் பெட்டி பொட்டு வச்சாலும் வேலை செய்யும்" என்றேன் நான். டிரைவர் சிரித்தார். சம்பந்தி சிரிக்கவில்லை. பொருத்தியவருக்குப் போன் போட்டுக் கேட்டு, தோளில் இருந்த புதுத் துண்டை எடுத்துத் துடைத்தார். தான் வைத்த பொட்டைத் தானே, ஓரம்கூட விடாமல் துடைத்தார். மிஷின் கூவியது. தண்ணீர் பீய்ச்சியது.

அன்று காபி குடிக்கும்போது, "இனிமே நீங்க தெனம் அலைய வேணாம் சம்பந்தி. எல்லாம் போன்லயே வந்துரும். பாதி உங்க கணக்குக்கு, பாதி என் கணக்குக்கு" என்றார்.

"எனக்கு அலைச்சல் ஒண்ணும் இல்ல."

"வயசாவுதில்ல."

பெட்டியில் விழுகிற காசை எப்போது எடுப்பது என்று கேட்டேன். "நெறைஞ்சதும் பாத்துக்கலாம்" என்றார். ஆனால் பெட்டி நிறையவேயில்லை.

அதன்பின் தினமும் மாலை ஏழு மணிக்குப் போனில் செய்தி வரும். எத்தனை வண்டி, எவ்வளவு வசூல், என் பங்கு எவ்வளவு. வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பேன். ஒரு பைசா பிசகாது. பிசகினால் கேட்கும் சாக்கிலாவது அவரிடம் பேசியிருப்பேன். ஓர் ஐப்பசி மழையில் என் மகள் காய்ச்சலோடு நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அந்த நான்கு நாளும் செய்தி வந்தது. மழையால் வண்டி வரத்து குறைந்தது எனக்குத் தெரிந்தது. மகள் படுத்திருந்தது தெரியவில்லை. பேருந்து நிலையத்தில் அவர்கள் தெருக்காரர் ஒருவர், "பொண்ணுக்கு இப்ப தேவலையா சார்?" என்று கேட்டபோது, எந்தப் பொண்ணு என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. மகளிடம் கேட்டால், "நீங்க பயந்துக்குவீங்கன்னு சொல்லலபா" என்றாள். சம்பந்தியிடம் நான் கேட்கவில்லை. அவரும் வந்து சொல்லவில்லை.

போன தை மாதம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு மகள் ஒரு நாள் ஸ்கூட்டரில் கார் வாஷுக்கு வந்தாள். கையில் கோடு போடாத சாவி. இரண்டு பூட்டுகளையும் திறந்தோம். அவருடையது துருவேறி முனகியது. அடியில் கொஞ்சம் காசு, பச்சை பூத்துப்போய்க் கிடந்தது. அவள் மேடையில் பரப்பிப் பத்துப் பத்தாக அடுக்கினாள்.

"முப்பத்தேழு இருக்குதுபா."

என் கை தானாக அந்த அடுக்குகளிடம் போனது.

"எண்ணாதீங்கபா" என்றாள். குரல் உயரவில்லை. "மாமா வீட்ல ஒண்ணு சொல்வாரு. 'உங்கப்பா எண்ணி முடிக்கிற வரைக்கும் நான் திருடன்மா. முடிச்சிட்டு காபி சொன்ன பிறகுதான் சம்பந்தி'ன்னு. சிரிச்சிக்கினேதான் சொல்வாரு. ஆனா மிஷின் வச்ச அன்னிக்கு வீட்டுக்கு வந்து, இன்னியோட எனக்கு விடுதலைன்னாரு."

அரிசி ஆலையில் வாய்க்கணக்குத்தான், ஒருவர் எண்ணிப் போட்ட மூட்டையை மற்றவர் மறுபடி எண்ணினால் அன்றோடு வியாபாரம் முறிந்தது என்று அர்த்தம். இதையும் அவள்தான் சொன்னாள். கோயிலில் எங்கள் வழக்கம் வேறு என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் போய்விட்டார். அத்தனை வருஷம் என் எதிரே உட்கார்ந்து காபி குடித்த மனிதர், வேண்டாம் சம்பந்தி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைக்குப் பதிலாக மிஷின் வாங்கிவிட்டார். அதற்கான பணத்திலும் பாதி என்னுடையது.

"காபி சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாம்பா, வீட்ல வேலை இருக்குது." அவர் சாவியை அவளே என் கொத்தில் கோத்துக் கொடுத்தாள். "இனிமே ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஒரு கார் வந்து நின்றது. ஓர் இளைஞன் இறங்கி, எங்களைப் பார்க்காமலே அட்டையை மிஷினில் தொட்டான். அது கூவியது. மகளின் ஸ்கூட்டர் சாலை வளைவில் மறையும் வரை நின்றுகொண்டிருந்தேன். பிறகு மேடையில் உட்கார்ந்து, அடுக்குகளைக் கலைத்து எண்ணினேன்.

முப்பத்தேழு. சரியாக இருந்தது. பாதியாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சும்.